மச்சாளின் பக்கத்துக்கு ஒரு லிங்க்

மாங்குளத்தில் கண்டி வீதியோரம் என் கடை. தண்ணி இறைக்கிற மெசின் திருத்துகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுதுகிற ஆள் இல்லை. கதைக்கிற ஆளும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது.

மச்சாளுக்கும் இருக்கிறது. மச்சாள் என்றால் என் மனுசியின் தங்கச்சி. உருத்திரபுரத்தில் வயல் செய்கிறாள். நெல்லைப் பற்றி எழுதுவாள். அவள் எழுதுவதை ஆக்கள் வாசிக்கிறார்கள். என்னுடையதை ஒருத்தரும் வாசிப்பதில்லை. இது எனக்குத் தெரியும். 

ஒரு நாள் பரந்தன் பக்கம் இருந்து ஒருவர் மெசின் கொண்டுவந்தார். நான் கழற்றிக்கொண்டு இருக்க, அவர் கதிரையில் இருந்து போனைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணை, தண்ணி இழுக்கிற ஓஸ் நடுவில மேடா வளைஞ்சு கிடந்தால் அதுக்குள்ள காத்து நிண்டிடுமாம். தண்ணி ஏறாதாம். அவா எழுதியிருக்கிறா."

"ஆர் அவா?"

போனை நீட்டினார். மச்சாளின் பக்கம். படமும் போட்டிருந்தாள். அவளின் வயல், அவளின் ஓஸ், அவளின் மெசின். அந்த மெசினைத் திருத்திக் கொடுத்தது நான்.

"சரியோ அண்ணை, அவா சொல்லுறது?"

"சரிதான்."

"கெட்டிக்காரி என்ன?"

நான் நட்டை இறுக்கினேன். தேவைக்கு மேல் இறுக்கிப்போட்டேன். மரை போய்விட்டது.

அடுத்த கிழமை சாமான் எடுக்க வவுனியா போனேன். என் வெப்சைட்டைச் செய்து தந்தவர் பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய், ஏன் என்னுடையதை ஒருத்தரும் பார்க்கிறார்கள் இல்லை என்று கேட்டேன்.

"மற்ற தளங்கள் உங்களுக்கு லிங்க் போடோணும் அண்ணை. அதாவது, இவரிட்டப் போய் வாசியுங்கோ எண்டு தங்கட ஆக்களை உங்களிட்ட அனுப்போணும். அப்பிடிக் கனபேர் அனுப்பினால்தான் தேடேக்க மேல வருவியள்."

"எனக்கு ஆர் போட்டிருக்கினம்?"

அவர் பார்த்தார். சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"நான் போட்டிருக்கிறன்."

"மச்சாளுக்கு?"

அதற்குக் கனநேரம் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தார். கம்பஸ் பிள்ளைகள் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஆக்கள் போட்டிருந்தார்கள். கிளிநொச்சி விவசாயத் தளமும் போட்டிருந்தது.

அந்தக் கடைசிதான் எனக்குக் குத்தியது. அது கிளிநொச்சியில் ஒருவர் நடத்துகிற தளம். குளத்தில் தண்ணி எவ்வளவு, எப்போது திறப்பு, நெல் என்ன விலை, எல்லாம் அதில் வரும். வயல் செய்கிறவர்கள் காலமை தேத்தண்ணியோடு அதைப் பார்ப்பார்கள். கட்டாயம் வாசியுங்கோ என்று அதில் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மச்சாள் அங்கே இருந்தாள். எனக்கும் அந்த இடம் வேணும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு முதல் வேணும். சிறுபோகத்தில் வாய்க்கால் முடிகிற இடத்து வயலுக்குத் தண்ணி வராது. எல்லாரும் மெசினைத் தேடுகிற காலம் அது. அப்போதும் அவளின் பக்கத்தை விரித்துக்கொண்டு என் கடைக்கு ஆக்கள் வந்தால், என்னால் தாங்கேலாது.

லிங்க் எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு காரியத்துக்கு ஆக்கள் வரவேணும் என்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேணும். போனில் சொன்னால் மதிக்கமாட்டார்கள். கலியாணம் என்றாலும் புது வீட்டுக் குடிபூரல் என்றாலும் அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கினேன். வெளிக்கிட்டு வா என்று மனுசியைக் கூப்பிட்டேன்.

"எங்க?"

"வெப்சைட் வச்சிருக்கிற ஆக்களிட்ட."

"என்ன கலியாணமோ? ஆருக்கு? உங்கட மெசினுக்கோ?"

சொன்னாள்தான். ஆனால் சீலை மாற்றிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

மண்டபம் வைத்திருக்கிறவர், படம் எடுக்கிறவர், கேக் செய்கிற அக்கா, மணப்பெண் அலங்காரம் செய்கிற பிள்ளை. தெரிந்த ஆக்கள் எல்லாரிடமும் போனோம். இருந்து தேத்தண்ணி குடித்தோம். கேட்டோம். ஒருத்தரும் மறுக்கவில்லை. வீடு தேடி வந்தவனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் போட்டார்கள். நாங்களும் அவர்களுக்குப் போடவேணும் என்றார்கள். போய்ச் சொன்ன வீட்டுக்காரன் பிறகு வந்து சொன்னால் நாங்களும் போகத்தானே வேணும். நானும் போட்டேன். என் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே கேக் இருந்தது. கேக்குக்குக் கீழே மணப்பெண்.

அந்த லிங்க்குகளால் பிறகு கோல்கள் வந்தன. முதல் கோல் ஒரு அம்மா.

"தம்பி, ஆவணியில மண்டபம் கிடைக்குமோ?"

"இது மெசின் கடை அம்மா."

"ஏசி இருக்கே?"

மனுசி குசினிக்குள் இருந்து சிரித்தது வீதி வரை கேட்டிருக்கும்.

கடைசியாகக் கிளிநொச்சி விவசாயத் தளக்காரரிடம் போனோம். பாடசாலைக் காணி ஒன்றுக்குப் பின்னால் அவரின் வீடு. என்னிலும் இளையவர். பழத்தை வாங்கி வைத்தார். என் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தார். கெதியாகப் பார்த்து முடித்துவிட்டார். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பழத்தைத் தின்னுறம். லிங்க் போடேலாது."

"ஏன்?"

"இதில என்ன கிடக்கு? கடை திறக்கிற நேரம், போன் நம்பர், நீங்கள் மெசினோட நிக்கிற படம், அதுக்குக் கீழ கேக். நான் ஒரு விவசாயியை இஞ்ச அனுப்பினால் அவருக்கு என்ன கிடைக்கும்? உங்கட வடிவையோ பாக்கிறது?"

நான் எழும்பினேன். மனுசி எழும்பவில்லை.

"அப்ப என்ன செய்யோணும் தம்பி?"

"எழுதச் சொல்லுங்கோ அக்கா. வயலில நிண்டு மெசின் ஓடேல்ல எண்டு தவிக்கிறவன் வாசிச்சுப்போட்டு, தானே செய்யிற மாதிரி எழுதினால், பழமும் வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம். நானாப் போடுவன்." பிறகு தேவையில்லாமல் ஒன்று சொன்னார். "அண்ணைக்கு வீட்டிலயே ஆள் இருக்கே. உங்கட தங்கச்சியிட்டக் கேளுங்கோ."

  வரும் வழியில் முறிகண்டியில் நிற்பாட்டி மனுசிக்கு வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மத்தியானத்தில் கடைக்கு ஆக்கள் வராத நேரம் எழுதத் தொடங்கினேன். முதல் எழுதியது இது. மெசின் ஓடியும் தண்ணி வராவிட்டால் வால்வைப் பார். ஓசைப் பார். வாசரைப் பார். அவ்வளவுதான். மனுசியிடம் காட்டினேன்.

"ஏன் ஆக்களை அதட்டுறியள்?"

"அதட்டேல்ல. சொல்லுறன்."

"வால்வில என்னத்தைப் பாக்கிறது? அது நல்லதோ கூடாததோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. எனக்குத் தெரிந்ததை நான் எனக்கே எழுதியிருக்கிறேன்.

பிறகு மச்சாளின் பக்கங்களை ஒழுங்காக வாசித்தேன். பிழை பிடிக்கத்தான் வாசித்தேன். பிழை இருக்கவில்லை. அவள் வயலின் ஒரே மூலையில் நின்று கிழமைக்குக் கிழமை படம் எடுத்திருந்தாள். பயிர் மஞ்சளானதும் இருந்தது. தான் பசளையைப் பிந்திப் போட்டதால் மஞ்சளானது என்றும் எழுதியிருந்தாள். தன் நட்டத்தையும் எழுதியிருந்தாள். அதை வாசித்துத்தான் ஆக்கள் நம்புகிறார்கள். எனக்கு அது விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் கூடியது.

நானும் அப்படி எழுதினேன். ஆக்கள் கடையில் கேட்கிற கேள்விகளை அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதினேன். ஓஸ் நுனியில் இருக்கிற அடிவால்வைத் தண்ணி நிரப்பித் தூக்கிப் பிடியுங்கோ, ஒழுகினால் கூடாது என்று எழுதினேன். ஓசில் வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது, சவர்க்கார நுரையைப் பூசிவிட்டு மெசினை ஓட்டுங்கோ, நுரையை உள்ளே இழுக்கிற இடம்தான் ஓட்டை என்று எழுதினேன். நிற்பாட்ட முதல் மண்ணெண்ணெயில் இருந்து பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சநேரம் ஓடவிடுங்கோ, இல்லாவிட்டால் அடுத்த நாள் இழுத்து இழுத்துக் கைதான் நோகும் என்று எழுதினேன். படமும் எடுத்தேன். மனுசி வாசித்துவிட்டு, எழும்பிப் போய் வீட்டு மெசினைத் தானே ஸ்டார்ட் பண்ணினாள்.  எனக்கு அவ்வளவும் காணும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மெசின் சரி வந்ததும் எல்லாரும் கேட்பது அதுதான். இனி எவ்வளவு இறைக்கிறது? எப்ப நிற்பாட்டுறது? எண்ணெய் விற்கிற விலைக்கு அதைச் சொல்லாத பக்கம் அரைப்பக்கம். எனக்கு அது தெரியாது. நான் வயல் செய்கிறவன் இல்லை.

மச்சாளுக்குத் தெரியும். ஓட்டை போட்ட பைப் துண்டை வயலில் தாட்டு, அதற்குள் தண்ணி எவ்வளவு இறங்கினால் இறைக்கவேணும், கதிர் வருகிற நேரம் ஏன் இறங்க விடக்கூடாது என்று முழுக்க எழுதியிருந்தாள். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு லிங்க் போட்டால் என் பக்கம் முடிந்துவிடும்.

நான் போடவில்லை. அவள் எழுதியதை என் சொல்லில் மாற்றி எழுதினேன். மனுசி வாசித்தாள்.

"இது தங்கச்சியின்ர."

"சொல்லு என்ர."

"சொல்லு உங்கட. பைப் அவளின்ர."

அழித்தேன். அந்தக் கேள்வி இல்லாமலே விடுவம் என்று பார்த்தேன். பக்கம் நொண்டியது. வெளியே விடாமல் அப்படியே வைத்திருந்தேன். இதற்குள் விதைப்புத் தொடங்கிவிட்டது. கிளிநொச்சித் தளக்காரர் கோல் எடுத்தார்.

"அண்ணை, எழுதினியளோ? மெசினைப் பற்றிக் கனபேர் கேக்கினம். அனுப்ப எனக்கு ஒரு இடம் இல்லை."

"முடியேல்ல."

"என்ன மிச்சம்?"

 போனை வைத்தேன். கடை வாசலில் ஒரு வயதுபோனவர் மெசினோடு வந்து நின்றார். போன தடவை நான் திருத்திக் கொடுத்த அதே மெசின். காய்ந்திடும் என்ற பயத்தில் விடாமல் ஓட்டியிருக்கிறார். எரிந்துபோயிருந்தது. எப்போது நிற்பாட்டவேணும் என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவரை அனுப்பிவிட்டு மச்சாளுக்கு லிங்க்கைப் போட்டுப் பக்கத்தை வெளியே விட்டேன். எவ்வளவு இறைக்கிறது எண்டு இஞ்ச வாசியுங்கோ. அவ்வளவுதான் எழுதினேன். ஆர் என்று எழுதவில்லை.

அந்தக் கிழமையே கிளிநொச்சித் தளம் எனக்கு லிங்க் போட்டது. கட்டாயம் வாசியுங்கோ என்ற இடத்தில் இருந்தேன். மச்சாளுக்கு நேரே கீழே. ஆக்கள் வந்தார்கள். எவ்வளவு பேர் வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பார்க்க வவுனியாக்காரர் காட்டித் தந்தார். வந்தவர்கள் வாசித்துவிட்டு மச்சாளிடம் போனார்கள். நான் வாசல். அவள் வீடு.

ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"அத்தான், ஒரு கோவம் எனக்கு."

"என்ன?"

"கேக்காரியிட்டப் போய்ச் சொன்னியளாம். மண்டபக்காரனிட்டப் போய்ச் சொன்னியளாம். பழச்சீப்போட. எனக்குச் சொல்லேல்ல. சொல்லாமல் விட நான் என்ன செத்த வீட்டாளே?"

 எங்கள் பக்கத்தில் அது சின்ன விசயம் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு ஒரு வீட்டை விட்டால், விட்டது வேணுமென்றுதான். அவளுக்கும் அது தெரியும்.

"சொல்லியிருந்தால் போட்டிருப்பீரோ?"

"மாட்டன்." சிரித்தாள். "அப்ப அதில உங்கட படம் மட்டும்தானே கிடந்தது. உங்களை நான் வீட்டிலயே பாக்கிறன்."

மனுசியும் சிரித்தாள். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து சிரித்தால் வீட்டில் நிற்கேலாது. நான் கிணற்றடிக்குப் போனேன். பின்னால் இருந்து மச்சாள் கத்தினாள்.

"இப்ப போட்டிருக்கிறன் அத்தான். போய்ப் பாருங்கோ."

கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்தேன். அவளின் தண்ணி பற்றிய பக்கத்தின் தொடக்கத்தில், முதல் வரிக்கு முதலே போட்டிருந்தாள்.

'தண்ணி காணாது எண்டு என்னைக் கேக்க முதல், உங்கட மெசினைக் கேளுங்கோ. அதின்ர பாசை தெரிஞ்ச ஒராள் எழுதியிருக்கிறார்.'

இரண்டு தரம் வாசித்தேன். நான் மினக்கெட்டு எழுதிய முழுப்பக்கத்திலும் இப்படி ஒரு வரி இல்லை.