உள்ளே கொண்டுவந்தது யார்

“வெளிய அடிடீ, நேரா வெளிய,” என்று கத்தியபடியே நாத்தனார் பந்தைப் பின்னால் எறிந்தாள். அவள் நின்றது இருபத்திரண்டு மீட்டர் கோட்டுக்கு வெளியே. பந்தை வாங்கியவள் நின்றது கோட்டுக்கு உள்ளே, தங்கள் பக்கத்துக் கோலுக்கு முன்னால்.

வாங்கியவளைப் பீரங்கி என்பார்கள்; எறிந்தவள் அவள் புருஷனின் அக்கா, கூப்பிடுவது அண்ணி என்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெண்களின் ரக்பி அணியில் உதைப்பது அவள் வேலை. உதைத்தால் பந்து எதிரிக்குத்தானே போகும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். “போகட்டும். நம்ம வாசல்ல வச்சு அல்லாடறதுக்கு அவங்க வாசல்ல குடுத்துடலாம்,” என்பாள்.

கோட்டுக்குள்ளிருந்து உதைத்த பந்து தரையில் படாமல் பக்கவாட்டில் வெளியேறினால், வெளியேறிய இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். அவ்வளவு தூரமும் லாபம். ஆனால் பந்தை உள்ளே கொண்டுவந்தது நம் ஆளே என்றால் அந்தச் சலுகை இல்லை. உதைத்த இடத்துக்கு நேராகத் திரும்பி வரவேண்டும். அப்போது பந்து தரையில் குதித்து வெளியேறும்படி தாழ்வாக உதைக்கவேண்டும்.

பீரங்கிக்கு இது தெரியும். தாழ்வாக உதைக்கத்தான் காலை எடுத்தாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அண்ணி சொன்னால் சரி என்று பழகிய உடம்பு. பந்து உயரப் பறந்து, பாதி மைதானம் தாண்டி, வெளியே விழுந்தது. கூட்டம் கைதட்டியது. நடுவர் பின்னால், அவள் உதைத்த இடத்துக்கு நேராகக் கை காட்டினார்.

எதிரணி அங்கே பந்தை எறிந்து பிடித்து, மொத்தமாகத் தள்ளிக்கொண்டு கோல் கோட்டைக் கடந்தது. அதுவரை முன்னிலையில் இருந்தவர்கள் தோற்றார்கள்.

“பீரங்கி பின்பக்கமா வெடிச்சிருச்சு,” என்றாள் இஸ்திரிக்காரி, உடை மாற்றும் அறையில். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனான அண்ணியும் சிரித்தாள்.

“ரூல் தெரியாம உதைச்சா இப்படித்தான். இனிமே வேற யாராவது உதைக்கட்டும்.”

பீரங்கி பூட்ஸ் கயிற்றை இழுத்தாள். அறுந்து கையோடு வந்தது.

“உள்ள கொண்டுவந்தது யாரு அண்ணி?”

“என்னத்தை?”

“பந்தை. நேரா வெளிய அடின்னதும் நீங்கதான்.”

“நான் சொன்னா? உனக்குன்னு புத்தி இல்லையா?”

புத்தி இருந்தது. அதுதான் எரிந்தது.

வீட்டில் மூவரும் சாப்பிடும்போது புருஷன், “விளையாட்டுதானே, விடேன். அக்கா ஏதோ சொல்லிட்டா,” என்றான்.

“சொல்லவேண்டியதைச் சொல்லலை. அதான் கேக்கறேன்.” உப்பு டப்பாவை மேஜையில் நகர்த்தினாள். “இதான் பந்து. உங்கக்கா இங்க. கோடு இது. நான் இங்க.”

அண்ணி டப்பாவை எடுத்து உப்புப் போட்டுக்கொண்டாள்.

“ஆமா, நான்தான் குடுத்தேன். நான்தான் சொன்னேன். போதுமா?”

“இங்க போதாது. அவங்க முன்னாடி சொல்லுங்க.”

“கேப்டன்டீ நான். என் தப்புன்னு நானே சொன்னா அப்புறம் எவ மதிப்பா?”

“என்னை எவ மதிப்பா?”

அண்ணி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். புருஷன், “அந்த உப்பைக் குடு,” என்றான்.

மறுநாள் இருவருக்கும் காலை ஷிப்ட். படுக்கை விரிப்புகளை எப்போதும் அவர்கள் இருவரும்தான் சேர்ந்து மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, இழுத்து, நெருங்கி வந்து, மூலைகளைக் கொடுத்து விலகினார்கள்.

மத்தியானம் அணியின் சட்டைகள் உலர்ந்து வந்தன. அண்ணி, பீரங்கி போட்டுவந்த பத்தாம் எண் சட்டையை இஸ்திரிக்காரியிடம் கொடுத்தாள். அவள் தனக்கு உதைக்கத் தெரியாது என்றாள். கத்துக்கோ என்றாள் அண்ணி. பீரங்கிக்கு வேறு சட்டை எதுவும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு கூடை விரிப்புகள் மிச்சமிருந்தன. இருவரும் இழுத்துப் பிடித்தார்கள்.

“மடி,” என்றாள் அண்ணி.

துணியில் சுருக்கம் இருந்தது. பீரங்கி மடிக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுருக்கம் போன பிறகு மடித்தாள்.