பழசுக்கு இனி பேட்ச் கிடையாது

ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டவன் நான். எழுத்துகள் கோட்டைவிட்டு இறங்கியிருக்கும். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பதும் சந்தேகம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வேலம்பாளையத்தில் ஓர் எம்ப்ராய்டரி யூனிட்டில் மெஷின் ஓட்டுகிறேன். பனியன் மார்பில் வைத்துத் தைக்கும் பூவேலைத் துண்டுகளைப் போடுவோம். அவற்றுக்குப் பேர் பேட்ச். அப்போது மெஷினுக்கு டிசைன் அனுப்பியது விண்டோஸ் 98 கம்ப்யூட்டர். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எந்தப் படத்தை அமுக்கினால் என்ன நடக்கும் என்பது கண்ணுக்குப் பழகியிருந்தது. அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும் எனக்குக் கூச்சம் இருக்காது.

2006 ஆடியில் ஒருநாள், முதலாளி வெளியே போயிருந்த நேரம், போன் அடித்தது.

“பழசுக்கு இனிமே பேட்ச் கிடையாதுங்க. கம்பெனியிலயே நிறுத்திட்டாங்க. மொதலாளிகிட்டச் சொல்லிருங்க.”

பேசுவது யார் என்று கேட்கக் கூச்சம். ஆர்டர் கொடுத்தவர்கள்தான் பழைய பேட்ச் இனி வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த கிளி பேட்சைப் பாதியில் நிறுத்திவிட்டேன். முதலாளி வந்து அதே நம்பருக்குப் பேசினார். பேசியவர் கோவையில் எங்களுக்கு டிசைன் சாப்ட்வேர் விற்றவர். விண்டோஸ் கம்பெனி நிறுத்தியது 98-க்கு அனுப்பும் சாப்ட்வேர் திருத்தங்களை. அதற்கும் பேர் பேட்ச்தானாம்!

நூல் பிசிறு வெட்டும் திருநெல்வேலி அக்கா விடவில்லை. “ஏ அண்ணாச்சி, கம்ப்யூட்டரு எப்ப வே சட்டை போட்டுச்சு, பேட்ச் வச்சுத் தைக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அடுத்துச் சொன்னதில் என் சிரிப்பு நின்றது. “புது கம்ப்யூட்டர் வாங்கோணும். அதுக்கு இங்கிலீஷ் படிச்ச ஆளு வேணுமுங்க. நீங்க நூல் மாத்திக் குடுங்க, போதும்.”

அடுத்த வாரமே புதியது வந்தது. சாப்ட்வேர்க்காரர் பழைய கிளியைத் திறந்தார். மூக்கு நீலம், வால் ரோஸ்.

“என்னுங்க இது, கிளியா காக்காயா?” என்றார் முதலாளி.

“பழைய பைல்ல நிறம் இருக்காதுங்க. நிறத்துக்கு நிறம் ஊசி மாறுற இடம் மட்டுந்தான் இருக்கும்” என்று தலையைச் சொறிந்தார் வந்தவர். அன்று மாலையே சாம்பிள் போக வேண்டும்.

“முதல் ஊசி பச்சைங்க. ரெண்டாவது கரும்பச்சை. அப்புறம் மஞ்சள், செவப்பு. கண்ணு கடைசீலதானுங்க” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

“நீங்களே உக்காருங்க” என்று எழுந்து இடம் விட்டார் அவர்.

நிறக்கட்டங்கள் பெரிதாக, பளிச்சென்று இருந்தன. எழுத்தே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க, திரையில் நூல் நூலாகக் கிளி எழுந்தது. பழைய கம்ப்யூட்டரில் வெறும் கோடாகத்தான் தெரியும். “மூக்கு செவந்துருச்சுங்க!” என்று கத்தியே விட்டேன். மொத்த யூனிட்டும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அடுத்த டிசைனையும் திறந்தேன்.

முதலாளி அப்புறம் ஆள் தேடவில்லை. அந்த நாற்காலியில் இன்னும் நான்தான்.

15 நவம்பர் 2009, ஞாயிற்றுக்கிழமை.