மயிலம்மாள் கேட்ட எலும்பு ரசம்

மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்கு வெல்லப் பாரம் ஓட்டிய வண்டிக்காரன் சடையன், வழியில் குமாரசாமியின் சாப்பாட்டுக் கடையைத் தாண்டி ஒருநாளும் சும்மா போனதில்லை. சந்தை நாளில் மனைவி சின்னாயியும் ஒரே மகள் மயிலம்மாளும் கூடவே வருவார்கள். மிளகு தூக்கலாகத் தட்டிப்போட்ட எலும்பு ரசத்துக்கும் கல்தோசைக்கும் அந்தக் கடை பேர்போனது. மயிலம்மாள் தோசையைப் பிய்த்து ரசத்தில் போட்டு, அது கரைவதற்குள் அள்ளி அள்ளித் தின்பாள். காரத்தில் மூக்கு ஒழுகும்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க பெரியப்பா!"

குமாரசாமி உறவுமில்லை, பங்காளியுமில்லை. ஆனாலும் கறி ஒட்டிய எலும்பாகப் பொறுக்கி அவள் கிண்ணத்தில் போடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அவளைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருஷம். இருமலில் ரத்தம் கண்டதும் புருஷன் வீட்டார் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். சயரோகம் என்றார் வைத்தியர். ஐப்பசி மழையில் அவளுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அவளாகவே கேட்டாள்: "ஏனுங்கப்பா, பெரியப்பா கடைக்குப் போலாமுங்களா?"

சடையன் மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் வைக்கோலைப் பரப்பினான். சின்னாயி மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு அவன் மட்டும் முதலில் உள்ளே போனான். குமாரசாமி அடுப்பை விட்டு எழுந்துவந்தார். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"சடையா, புள்ளைய உள்ள கூட்டியாராதப்பா. சங்கதி ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. அவ வந்து ஒக்காந்தான்னா நாளைக்கு ஒருத்தரும் இந்தப் படி ஏறமாட்டாங்க. நானும் புள்ளகுட்டிக்காரன்."

அவர் புதுச்சட்டியில் ரசத்தை ஊற்றி, தோசையை இலையில் மடித்துக் கொடுத்தார். சடையன் வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்து மகளிடம் சொன்னான்:

"உள்ள எடமில்ல சாமி. ஒரே கூட்டம். வண்டியிலயே சாப்புட்டுக்கலாம்."

வண்டியிலிருந்து பார்த்தால் கடையின் பலகைகள் வெறுமையாகக் கிடப்பது நன்றாகத் தெரிந்தது. மயிலம்மாள் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அப்பனைப் பார்த்தாள்.

"ஆமாங்கப்பா. கூட்டமாத்தான் இருக்குது."

மூவரும் வைக்கோலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்னாயி ஊட்ட ஊட்ட நாலு வாய்தான் வாங்கினாள். "ருசி அப்படியேதான் இருக்குதுங்க. பெரியப்பாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லப் போனான். குமாரசாமி துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். சொல்லாமலே திரும்பிவிட்டான்.

தை பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள். கருமாதிக்கு வந்த குமாரசாமி வேலியோரமே நின்றார். சடையன்தான் "வாங்கண்ணா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அவர் மேல் அவனுக்குக் கோபமில்லை. தான் சொன்ன பொய்யும், அதைத் தாங்கிப்பிடிக்க மகள் சொன்ன பொய்யும்தான் நெஞ்சை அறுத்தன.

மாசியில் ஒருநாள் சின்னாயி கேட்டாள்: "எடமில்லைன்னீங்களே, அவ நம்பியிருப்பாளுங்களா?"

"நம்புல."

அதன்பிறகு சடையன் நாமக்கல் பாரம் ஏற்றவே இல்லை. ஆற்றோர வேலூர்ப் பக்கமாகத்தான் கடைசிவரை வண்டி ஓட்டினான்.