‘நாங்க’ என்று சொன்ன தர்ஷினி

தர்ஷினியின் முகம் ஜூமில் வந்ததும் அவள் பின்னால் இருந்த பலகைச் சுவரைத்தான் பார்த்தேன். மலேசியாவின் கேமரன் மலையில் எஸ்டேட் லைன் வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. நானும் அதே மலையில் ரிங்லெட் பக்கம் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான். அதனால் நேர்காணல் தொடங்கும் முன்பே மனசு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. இது தப்பு என்று ஹெச்.ஆர். சொல்வார்கள். சொல்லட்டும்.

தேயிலைத்தூள், பிஸ்கட், சோப்பு விற்கும் கம்பெனி எங்களுடையது. ஃபைனான்ஸ் பிரிவில் இன்டெர்ன்ஷிப்பை நன்றாகச் செய்பவர்களை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்வோம். தர்ஷினிக்கு அது ரொம்பவே தேவை. அப்பா எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிறார். அவர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். "ஏன் இந்த வேலை?" என்று கேட்டபோது அவளே மறைக்காமல் சொன்னது இது.

எஸ்டேட் வாசலில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தேயிலை விற்கும் கடையில் லீவு நாட்களில் நின்றிருக்கிறாள். தேதி முடிந்து வீணாகும் பாக்கெட்டுகளைக் கவனித்து, எதை முதலில் விற்க வேண்டும் என்று காட்ட ஓர் எக்ஸெல் ஷீட் போட்டிருந்தாள். எங்கள் தொழிலில் ஸ்டாக் வீணாவதுதான் பெரிய தலைவலி. என்னோடு நேர்காணல் செய்த மேனேஜர் பாலா சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதம்மா, தமிழ்லயே சொல்லு. அதுல நீ என்ன செஞ்ச?"

"நாங்க பழைய ஸ்டாக்க முன்னாடி அடுக்கினோம் சார். அப்புறம் நாங்க ஷீட் போட்டோம்."

"நாங்கன்னா?"

"நான், அம்மா, பக்கத்து வீட்டு செல்வி அக்கா."

நான் குறுக்கிட்டேன். "ஷீட் போட்டது யாரும்மா?"

"நாங்கதான் மேடம். செல்வி அக்கா லேப்டாப்லதான் செஞ்சது. அம்மாதான் டப்பாவெல்லாம் எறக்கி தேதி படிச்சாங்க."

பாலா சார் பேனாவை மூடிவிட்டார்.

லைனில் ‘நான் செஞ்சேன்’ என்று சொல்லிப் பாருங்கள். "பெரிய தொர வந்துட்டாங்க லா!" என்று அடுத்த வீட்டிலிருந்து சத்தம் வரும். அப்படி வளர்ந்த பிள்ளை என்று நேர்காணல் முடிந்ததும் பாலா சாரிடம் எவ்வளவோ சொன்னேன்.

"உங்களுக்குப் புரியுது லா. மேல கேட்டா நான் என்ன சொல்றது? அவ வாயால வரணும்ல?"

கோலாலம்பூர் பையன் ஒருவனை எடுத்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை ‘நான்’. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, கெட்டிக்காரன்தான்.

இப்போதெல்லாம் நேர்காணல் தொடங்கியதும் நானே சொல்லிவிடுகிறேன்: "உதவி செஞ்சவங்க பேர முதல்ல சொல்லிடுங்க. அப்புறம் நீங்க செஞ்சத மட்டும் சொல்லுங்க." விண்ணப்பம் போடும் பிள்ளைகளே, இதை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நன்றி மறந்ததாக ஆகாது.

தர்ஷினிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. இப்போது மலையிலேயே லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் காய்கறி அனுப்பும் இடத்தில் பில் போடுகிறாள். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

முடிவைச் சொல்ல அன்று நான்தான் போன் போட்டேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நாங்க எங்க மேடம் தப்பு பண்ணோம்?"

விண்ணப்பம் போட்டது அவள் ஒருத்திதான்.