மச்சானின் வேலியும் கரைவலையும்

எங்கள் கரையோரத்து நீதிமன்றச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புகிறவள் நான். பெரும்பாலும் சின்னச் செய்திகள்தான். ஆற்றுமண் ஏற்றிய உழவு இயந்திரம் பிடிபட்டது, அனுமதி இல்லாமல் மாடு ஏற்றிப் போனவருக்குத் தண்டம், திருட்டுப்போன சங்கிலி உரியவரிடமே ஒப்படைப்பு, இப்படி. கொழும்பில் பெரிய தீர்ப்பு ஏதும் வந்துவிட்டால் ஊரில் என்னைத்தான் மறித்துக் கேட்பார்கள். மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போதும் கேட்பார்கள். "உச்ச நீதிமன்றத்துல என்னவாம் புள்ள?" எனக்கு அது பிடிக்கும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை வாசித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, மீனையும் வாங்கிக்கொண்டு வருவேன்.

அப்படி இருந்த எனக்கு ஒருநாள் சொந்த மச்சானின் வழக்கையே எழுத வேண்டி வந்தது.

மச்சான் என்றால் என் ராத்தாவின், என் அக்காவின், கணவர். கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலம் நின்றுவிட்டு வந்து, கல்முனைக்குப் பக்கத்தில் கடற்கரையோடு ஒட்டி ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருந்தார். பொரித்த மீனும் சோறும் மாலையில் கொத்துரொட்டியும். மணலில் மேசை போட்டு, தென்னைகளுக்கிடையில் வர்ண விளக்குகள் கட்டி, நல்ல கூட்டம். சம்மாந்துறையில் இருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

கடைக்கு அருகால் ஒரு மணல் வழி கடலுக்குப் போனது. கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கிற கரைவலைக்காரர்களுக்கு அதுதான் பாதை. பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் மீன் வாங்க வருவதும் அந்த வழியால்தான். முன்பென்றால் கரை அகலமாக இருந்தது, யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. இப்போது கடல் கரையை அரித்து அரித்து ஒடுக்கிவிட்டது. வலையின் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடக்கிறவர்கள் அந்த வழிக்குள்ளேயே நடக்க வேண்டிய நிலை. ஈரக் கயிறு மேசைகளுக்கு நடுவே வரும், சாப்பிட வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மச்சான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வழியும் தன்னுடைய காணி உறுதிப் பத்திரத்துக்குள்தான் வருகிறது என்று சொல்லிக் கட்டை நட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டார். வலைக்காரர்கள் பொலிசுக்குப் போனார்கள். பொலிஸ், மக்கள் போகிற பாதையை மறித்திருப்பதாக நீதவானிடம் அறிக்கை கொடுத்தது.

அழைப்பாணை வந்த அன்றே ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டா.

"இஞ்ச பாரு தங்கச்சி, இத நீ எழுதமாட்டாதானே?"

"எழுதுவன் ராத்தா."

"வேற ஆளுகள் எழுதட்டும். நீ ஏன்?"

"வேற ஆளுகள் எழுதினா என்னத்த எழுதுவாங்க எண்டு உங்களுக்கே தெரியும். மச்சான் கடலையே வளைச்சுப் புடிச்சிட்டார் எண்டு ஃபேஸ்புக்கில இப்பவே போட்டிருக்காங்க. நான் எழுதினா கோட்டுல கதைச்சது மட்டும்தான் வரும்."

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. தலை நிமிராமலே சொன்னா: "அவள் எழுதத்தான் வேணும். சொந்தக்காரன்ட வழக்க மறைச்சா நாளைக்கு இவள்ற செய்திய ஆரு நம்புற?"

ராத்தா உம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு உரித்த வெங்காயத்தில் பாதியை எடுத்துத் தானே அரியத் தொடங்கினா. கோபம் என்றால் அவவுக்குக் கை சும்மா இருக்காது.

வழக்கு எடுக்கப்பட்ட முதல் தவணையில் நான் வழக்கமாக உட்காரும் வாங்கில் இருந்தேன். மச்சான் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். அவருடைய சட்டத்தரணி உறுதியைக் காட்டினார், பொலிஸ் பழைய நில அளவைப் படம் ஒன்றைக் காட்டியது. நீதவான் அம்மையார் வடக்கைச் சேர்ந்தவர், எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்து கனகாலம் ஆகவில்லை. இரண்டையும் பார்த்துவிட்டு, தானே இடத்துக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லி நாள் குறித்தார். நான் எழுதி அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையில் வந்தது. காலைத் தேநீர் ஆறுமுன் ராத்தாவின் அழைப்பு.

"என்ட மாப்பிள்ளைய எதிராளி எண்டு நீ போட்டிருக்கா. என்னடி அது, படத்துல அடிபடுற ஆள் மாதிரி?"

"கோட்டுல அப்படித்தான் ராத்தா சொல்ற. முறைப்பாடு ஒரு பக்கம், மற்றப் பக்கம் எதிராளி."

"கடை உரிமையாளர் எண்டு போடேலாதா?"

"அதையும் போட்டிருக்கன். ரெண்டாவது பந்தியில இரிக்கி."

"ரெண்டாவது பந்திய ஆரு வாசிக்கிற?"

அதற்குப் பிறகு ராத்தாவிடமிருந்து வழக்கமாக வருகிற குரல்பதிவும் இல்லை, கறிக்கிண்ணமும் இல்லை. மச்சான் மட்டும் என்னை நீதிமன்ற விறாந்தையில் கண்டு, "வாசிச்சன். பிழை ஒண்டுமில்ல. அவ சரியாகிருவா" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ராத்தாவோடு கதைக்காமல் இருப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பழக்கமில்லாத விஷயம்.

நீதவான் இடம் பார்க்க வந்த காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கறுப்புக் கோட்டோடு சட்டத்தரணிகள், நில அளவையாளர், பொலிஸ், ஊர்ச் சனம் என்று மணல் முழுக்க ஆட்கள். ராத்தா கடைக்குள் கதவோடு நின்றா, என் பக்கம் பார்க்கவில்லை. அளவையாளர் படத்தை ஒரு மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் சோடாப் போத்தல் வைத்தார். நீதவான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வேலியோரம் நடந்து பார்த்தார்.

அந்த நேரம் கடலில் வலை கிடந்தது. வேலி போட்ட பிறகு வலைக்காரர்கள் வடக்கே தள்ளித்தான் வலை வளைப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் வளைத்திருந்தார்கள். ஆனால் நீரோட்டம் வலையைத் தெற்கே இழுத்து வந்துவிட்டது. சட்டத்தரணி உறுதியின் எல்லைகளை வாசித்துக்கொண்டிருக்க, தென்பக்கக் கயிற்றைப் பிடித்த வரிசை 'ஏலேலோ' போட்டபடி பின்னோக்கி நடந்து நடந்து வந்து, கடைசி ஆளின் முதுகு வேலியில் முட்டி நின்றது. மற்றப் பக்கத்து ஆட்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நின்றால் வலை கோணும், மீன் வெளியே போய்விடும். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மச்சானின் சட்டத்தரணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மேடம், இது வேண்டுமென்றே செய்த காட்சி" என்றார்.

வலைக்குச் சொந்தக்காரர், நரைத்த தாடிக்காரர், கயிற்றை விடாமலே திரும்பினார். "வலைய இஞ்சால கொண்டுவந்த கடல்தான் சேர். கடலுக்கு ஆரு நோட்டீஸ் அனுப்பின?"

பொலிஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மச்சானைப் பார்த்தார்.

"நான் இன்னும் ஒரு கட்டளையும் தரேல்ல. இப்ப திறக்கிறதும் திறக்காததும் உங்கட விருப்பம்."

மச்சான் கயிற்றைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், திரும்பி ராத்தாவைப் பார்த்தார். ராத்தா உள்ளே போய்க் கம்பி வெட்டுகிற குறடு ஒன்றோடு வந்தா, அதை அவருடைய கையில் கொடுத்தா. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினார். கட்டையை ஆட்டிப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். வரிசை அப்படியே பின்னால் நகர்ந்து வழிக்குள் ஏறியது. மச்சானும் போய்க் கயிற்றில் கை வைத்தார். கட்டாருக்குப் போகமுன் அவரும் கரைவலை இழுத்தவர்தான். பாட்டின் அடுத்த அடி அவருக்கு மறந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. சாப்பிட வந்திருந்தவர்கள் மேசைகளைத் தூக்கி ஒதுக்கினார்கள். பாண்டிருப்புப் பெண்கள் கூடைகளை வைத்துவிட்டு வந்து பிடித்தார்கள். அளவையாளரும் வந்தார். நான் செய்தி எடுக்க வந்தவள், ஒரு பக்கமும் சாராமல் ஒதுங்கி நிற்க வேண்டியவள் என்பது தெரியும். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நானும் போய்ப் பிடித்தேன். எனக்கு முன்னால் பிடித்திருந்தவ திரும்பிப் பார்த்தா. ராத்தா.

"உள்ளங்கையால புடி, விரலால புடிச்சா உரிச்சுப்போடும்" என்றா. அவ்வளவு நாளுக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது.

வலை கரை ஏறியபோது கீரிமீன் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது. நடுவில் நல்ல பாரைகளும் கிடந்தன. தாடிக்காரர் இருந்ததில் பெரிய பாரையைத் தூக்கிக்கொண்டு நேரே நீதவானிடம் போனார்.

"வேண்டாம் ஐயா. வழக்கு முடியேல்ல, நான் ஒரு நெத்தலிகூட எடுக்கேலாது" என்று நீதவான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. மணல் ஒட்டிய காலோடு வாகனத்தில் ஏறிப் போனார்.

அடுத்த தவணையில் விவாதத்துக்கு இடமே இருக்கவில்லை. வழியைத் திறந்து வைப்பதாக மச்சான் தன் சட்டத்தரணி மூலம் சொன்னார். கயிறு இழுக்கிறவர்கள் தாராளமாக நடக்கிற அளவுக்கு வேலியைப் பின்னால் எடுக்க வேண்டும், அந்த வழியை இனி எவரும் மறிக்கக்கூடாது என்று நீதவான் கட்டளை இட்டார். வலைக்காரர்கள் பக்கமும் ஒரு சொல் கொடுத்தார்கள். மாலையில் கடைக்குக் கூட்டம் வருகிற நேரத்தில் வழியில் வலை காயப்போடுவதில்லை என்று. விறாந்தையில் தாடிக்காரரும் மச்சானும் ஆளையாள் கட்டிப்பிடித்து, கைகோர்த்து முஸாபஹா செய்தார்கள்.

செய்தியை அன்றைக்கு ஆசைப்பட்டு நீளமாக எழுதினேன். குறடு, கயிறு, பாரைமீன் எல்லாம் வைத்து எழுதினேன். ஆசிரியர்பீடத்தில் கட்டளையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கடற்கரை வழியைத் திறக்க நீதவான் கட்டளை என்று உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. ராத்தா அழைத்தா.

"இவர் தானா வெட்டித் திறந்த கதை எங்க?"

"நான் எழுதினதான் ராத்தா. அவங்க வெட்டிட்டாங்க."

"கட்டளையில திறந்த மாதிரியல்லவா இரிக்கி. சனம் என்ன நினைக்கும்?"

"சனம் எல்லாம் அங்கதானே நிண்ட."

"அதுவும் சரிதான்" என்றா. அடுத்த மூச்சிலேயே, "மறுகா, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய எல்லாரும் இஞ்ச சாப்பிட வாங்க. உம்மாவையும் கூட்டிட்டு வா."

போனோம். வலைக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மேசைகள் வேறு பக்கமாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தன, எங்கே இருந்தாலும் கடல் தெரிந்தது. மச்சான் அடுப்பை விட்டு வெளியே வரவே இல்லை. தாடிக்காரர் மீன்பொரியலைத் தின்று பார்த்துவிட்டு உப்புக் குறைவு என்றார். மச்சான் அடுப்படியில் இருந்தே, அதையும் கோட்டுக்குக் கொண்டுபோங்க என்றார். உம்மா சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தேசிக்காய்த் தண்ணி புரைக்கேறிவிட்டது. ராத்தா ஓடிவந்து உம்மாவின் தலையில் தட்டிக்கொண்டே, மற்றக் கையால் என் சோற்றுக்கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தா.