பச்சை லேசர் வாங்க மதுரைக்குப் போன சனிக்கிழமை

மதுரையில் பச்சை லேசர் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று கேட்டு இந்த வலைப்பூவில் நான்கைந்து பேர் பின்னூட்டம் போட்டிருந்தீர்கள். மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் ஆட்டோக்காரர் தவமணியின் முகம் வந்து நிற்கும், கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவேன். இன்று முழுதாக எழுதிவிடுகிறேன். விலை, தூரம், நேரம் எல்லாம் இதில் இருக்கும். நான் செய்த தப்பும் இருக்கும்.

கோவில்பட்டியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வானம் காட்டுகிறோம். தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஆனால் எந்த நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிள்ளைகளுக்கு விளங்க வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். "அந்தத் தென்னை மரத்துக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கம்" என்றால் நாற்பது பிள்ளைகளும் நாற்பது திசையில் பார்ப்பார்கள். பேனா மாதிரி இருக்கும் பச்சை லேசரை அமுக்கினால், இருட்டில் ஒரு பச்சைக் கம்பு நேராக நட்சத்திரம் வரைக்கும் நீளுவது போலத் தெரியும். அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்பு லேசரில் அது தெரியாது. ஆயிரத்து ஐந்நூறுக்குள் நல்லதாக ஒன்று வாங்குவது என்று முடிவானது. வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது, ஏனென்றால் இதைப் பற்றி நிறையப் படித்தவன் நான்தான். படித்தவன் என்ற நினைப்பும் நிறையவே இருந்தது.

2008 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. காலை 7.10க்கு கோவில்பட்டியில் பஸ் ஏறினேன், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். விருதுநகரில் டீக்கு நிறுத்தியதோடு சேர்த்து 9.40க்கு மாட்டுத்தாவணி வந்து சேர்ந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வானம் மூட்டமாக, மழை வரவும் செய்யாமல் விடவும் செய்யாமல் இருந்தது.

மூன்று நான்கு இடத்துக்கு அலைய வேண்டியிருந்ததால், மாலை நான்கு மணி வரை ஓர் ஆட்டோவை வாடகைக்குப் பேசினேன். நானூற்று ஐம்பது கேட்டு நானூறுக்கு வந்தார் தவமணி. முப்பத்தைந்து வயதிருக்கும். செக்கானூரணிப் பக்கம் சொந்த ஊர், மானாவாரி நிலம் இருக்கிறது, ஆட்டோவுக்காக ஆனையூரில் குடியிருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை காலையும் மாலையும் எட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் நிலையான வருமானம் என்றார்.

"எம்புட்டுத் தூரம் அடிக்கும்ண்ணே அந்த லைட்டு?" என்று கேட்டார். நான் விடவில்லை. சிம்மக்கல் தாண்டும் வரைக்கும் லேசர் என்றால் என்ன, பச்சைக்கும் சிவப்புக்கும் என்ன வித்தியாசம், மில்லிவாட் என்றால் என்ன என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். ஐந்து மில்லிவாட்டுக்குக் கீழே இருந்தால் கண்ணை இமைப்பதற்குள் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஐந்துக்குக் கீழே இருந்தால்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்துகளில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பத்தரைக்கு மேல்தான் திறக்கிறார்கள், அதற்கு முன் போக வேண்டாம். முதல் இரண்டு கடையிலும் சாவிக்கொத்தில் தொங்கும் சிவப்பு லேசர்தான் இருந்தது. மூன்றாவது கடை குறுகலாகவும் நீளமாகவும் ரயில் பெட்டி மாதிரி இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உள்ளே இருந்த தன் தம்பியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார், அவர் பெட்டியை எடுத்து வந்தார். கறுப்பு உலோகக் குழல், இரண்டு சின்ன பேட்டரி, மஞ்சள் ஸ்டிக்கரில் ஐந்து மில்லிவாட்டுக்குக் குறைவு என்று அச்சடித்திருந்தது. ஆயிரத்து எண்ணூறு சொல்லி ஆயிரத்து முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கினார்.

"இங்கயே டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கங்க சார். கடைய விட்டு வெளிய போயிட்டா திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். நம் ஊரில் பல்பு வாங்கினாலும் அதுதானே வழக்கம். போட்டுக் காட்டி, கண்ணால் பார்த்து, அப்புறம்தான் காசு.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடம் மின்வெட்டுக்கு எந்த ஊரும் தப்பவில்லை. கடை இருண்டுவிட்டது. கடைக்காரர் மெழுகுவத்தியைத் தேடினார். "வேண்டாங்க, இருட்டுதான் வேணும், இதுல பாத்தாத்தான் கதிர் தெரியும்" என்று நான்தான் தடுத்தேன். "அப்ப உள்பக்கச் செவுத்துல அடிச்சுப் பாருங்க" என்றார்.

பின்சுவரைப் பார்த்து அமுக்கினேன். ஊதுவத்திப் புகையில் பச்சைக் கம்பு நீட்டிக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று பார்க்கச் சுவரில் மேலும் கீழும் நகர்த்தினேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி, திருஷ்டிக்காக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். மதுரையில் பாதிக் கடைகளில் அது உண்டு. வெளிச்சம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இருட்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் நான்.

கதிர் அந்தக் கண்ணாடியில் பட்டு, என் தோளுக்கு மேலே வாசல் பக்கம் திரும்பியது. போக்குவரத்துக் காவலர் ஆட்டோவை எடுக்கச் சொல்கிறார் என்று சொல்வதற்காக அப்போதுதான் தவமணி உள்ளே தலையை நீட்டியிருக்கிறார். "அண்ணே" என்று மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

பதறிப்போய்த்தான் கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, லேசாக் கூசுது. ஃபோட்டோ புடிச்சா பளிச்சுன்னு அடிக்குமில்ல, அப்படித்தேன்" என்றார். கடைக்காரரின் தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகம் கழுவினார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. ஸ்டிக்கரில் ஐந்து என்றுதானே போட்டிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பணத்தைக் கொடுத்தேன். அந்த மனிதரையே வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இதை எழுதும்போது கூட வெட்கமாக இருக்கிறது.

அங்கிருந்து பசுமலைக்கு ஆறு கிலோமீட்டர். அங்கே ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் என் நண்பர் ஜெயசீலன் வேலை பார்க்கிறார். லேசரின் சக்தியை அளக்கும் மீட்டர் அவரிடம் இருக்கிறது. பழங்காநத்தம் தாண்டி, ஓரமாக நின்ற ஒரு தள்ளுவண்டியை உரசிவிட்டுப் போனார் தவமணி. காலையிலிருந்து அப்படி ஓட்டியவரில்லை. வண்டிக்காரர் திட்டினார்.

மணி ஒன்றரை. ஜெயசீலன் லேசரை மீட்டருக்கு நேராகப் பிடித்து அமுக்கினார். முள் தொண்ணூறு மில்லிவாட்டில் போய் நின்றது. பேட்டரியை மாற்றிப் பார்த்தார், அப்போதும் தொண்ணூறு. வடிகட்டி ஒன்றை முன்னால் வைத்து மறுபடி அளந்தார். "பச்சை போக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வேற முப்பது வருது. உள்ள ஃபில்டரே போடல. யார் மேலயும் பட்டுடாம பாத்துக்கங்க" என்றார்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். தவமணி அங்கே அறிவிப்புப் பலகைக்கு முன் நின்று, இடது கண்ணைக் கையால் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணுல பாத்தா நடு எழுத்து மட்டும் இல்லண்ணே. சுத்தி எல்லாம் தெரியுது. பாக்குற எடந்தேன் தெரியல."

தானே ஓட்டிவருவதாகத்தான் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. ஆட்டோவைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு, வேறு ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பத்து கிலோமீட்டர் சொச்சம், நூற்று இருபது ரூபாய். "பின்சீட்ல ஒக்காந்தே பழக்கமில்லண்ணே" என்று சிரிக்கப் பார்த்தார். போகிற வழியெல்லாம் ஒரு கண்ணை மூடிக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார்.

வரிசையில் உட்கார்ந்து, சொட்டு மருந்து விட்டு, மறுபடி உட்கார்ந்து, டாக்டர் பார்க்கும்போது மணி நாலரை. இளம் வயதுப் பெண். "வெல்டிங் வேலையா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் லேசரை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

"பார்வையோட மையத்துல சூடுபட்டிருக்கு. இமைக்கிறதுக்குள்ள அம்புட்டும் உள்ள போயிருச்சு. கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். இதுக்குன்னு மருந்து இல்ல. மூணு மாசம் கழிச்சு வாங்க."

தவமணி கேட்டது ஒரே கேள்வி. "வண்டி ஓட்டலாமாங்க?"

"இடது கண்ணு நல்லா இருக்கு. ஆனா தூரம் கணிக்கிறது கஷ்டமா இருக்கும். இப்பக் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் தவமணி என்னிடம் கேட்டுக்கொண்டது, வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம் என்பதுதான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாங்கியே தீருவோம் என்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது தனியாக அச்சடித்து ஒட்டுவது. நட்சத்திரம் காட்ட ஐந்து மில்லிவாட் தாராளம், அதற்கு மேல் பளீரென்று இருந்தால் மலிவு என்று சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அளந்து எழுதிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள், அல்லது மீட்டர் வைத்திருக்கும் கல்லூரி ஆய்வகம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அளந்த பிறகுதான் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள், கொடுங்கள். அகச்சிவப்பு கசிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையை செல்போன் காமிராவில் பார்த்து, அமுக்கும்போது அதில் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் காமிரா இதற்கு உதவும். ஒரு பழைய சிடியை மேசையில் வைத்து, லேசரைச் சாய்வாக அதன்மேல் அடித்து, வெள்ளைச் சுவரில் வரிசையாக விழும் பச்சைப் புள்ளிகளை அந்தக் காமிரா வழியாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத புள்ளி ஏதாவது காமிராவில் தெரிந்தால் அந்த லேசர் வேண்டாம். இதைச் செய்யும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, உங்கள் முகமும் புள்ளிகள் விழும் பக்கம் இருக்கக் கூடாது.

நல்ல அல்கலைன் பேட்டரி போடுங்கள். மட்டமான பேட்டரியில் கதிர் துடிக்கும். இருபது வினாடிக்கு மேல் தொடர்ந்து அமுக்காதீர்கள், குழல் சூடேறினால் சீக்கிரம் போய்விடும். மார்கழிக் குளிரில் மங்கும், சட்டைப் பையில் வைத்திருந்து எடுத்தால் சரியாகும். எல்லாவற்றுக்கும் முன்னால், அமுக்குவதற்கு முன், எதிரே பளபளப்பாக என்ன இருக்கிறது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தக் கடையிலும் இருட்டில் சோதிக்காதீர்கள்.

ஜெயசீலன் சொல்லி சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்த இன்னொரு லேசர் இப்போது எங்களிடம் இருக்கிறது. ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. அவரே அளந்தார், நான்கு புள்ளி இரண்டு, கசிவு இல்லை. பழையதைச் சுத்தியலால் நசுக்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, போன சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குத் தவமணியுடன் நானும் போனேன். தழும்பாகிவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார் அதே டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தோம். தவமணி இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காது ரெண்டும் தெரியுது. சட்டைக் காலரு தெரியுது. மூஞ்சி இருக்க எடத்துல ஒண்ணுமில்லண்ணே."

வண்டி ஓட்டுகிறாரா என்று கேட்டேன்.

"ஓட்டாம? ஒரு மாசம் வீட்ல இருந்தேன். அப்புறம் எறங்கிட்டேன். மெதுவா ஓட்டுறேன், பழகிருச்சு. ஸ்கூல் பிள்ளைகள மட்டும் விட்டுட்டேன். ஜனவரியிலயே சொல்லிட்டேன், வேற ஆட்டோ பாத்துக்கங்கன்னு."

"அதுதானே தம்பி நிலையான வருமானம்?"

"அது சரிண்ணே. எனக்குச் சரியாத் தெரியலன்னு எனக்குத் தெரியுமில்ல. அப்புறம் எப்படிப் பிள்ளைகள ஏத்துறது?"

அன்று மாலை ஒரு பள்ளிக்கூடத்தில் வானம் காட்ட ஒப்புக்கொண்டிருந்தேன். கோவில்பட்டி வந்து, தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். மைதானத்தில் எண்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பலர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்கள். அளந்து வாங்கிய நல்ல லேசர் பையில்தான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. கையை நீட்டித்தான் காட்டினேன், பாதிப் பிள்ளைகளுக்கு எந்த நட்சத்திரம் என்றே தெரியவில்லை.