கோபுரம் தெரிந்த இடத்தில் கால் வரவில்லை

காலை ஐந்தரை மணிக்கு ராஜபாளையத்திலிருந்து கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இதையும் பயணம் என்று எழுதுவானா ஒருவன் என்று நீங்கள் சிரிக்கலாம். அன்று காலை நானும் சிரித்துக்கொண்டுதான் சைக்கிளில் ஏறினேன்.

கூட வந்தவன் முருகேசன், என் மனைவியின் தம்பி. சோழபுரத்துக்காரன், ராணுவத்தில் இருக்கிறான். லீவு முடிந்து போனதும் அவனுக்குப் பதவி உயர்வுக்கான கோர்ஸ். வெகுநாள் காத்திருந்து கிடைத்த இடம். ஓட்டமும் தண்டாலுமாக லீவு முழுவதையும் அதற்கே செலவழித்துக்கொண்டிருந்தான்.

என் சைக்கிளில் முந்தின நாள் மாலைதான் புதுப் பெடல் மாட்டியிருந்தேன். பெடல் நாலாயிரத்து ஐந்நூறு, அதற்கான ஷூ ஆறாயிரம். கிளிப்லெஸ் என்று பெயர். பெயரில்தான் கிளிப் இல்லை. ஷூவின் அடியில் உள்ள துண்டு பெடலில் டக்கென்று மாட்டிக்கொண்டால், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். ரெண்டு நாள் மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வரலாமே என்றான் முருகேசன். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே பழகியாயிற்று, பட்டாளத்துச் சட்டத்தை என்னிடம் காட்டாதே என்று கேலி செய்தேன்.

இடப்பக்கம் மலை கூடவே வந்தது. தென்னந்தோப்புகளுக்குள் இன்னும் இருட்டு. மிதிக்கும்போது மட்டுமல்ல, காலைத் தூக்கும்போதும் சைக்கிள் முன்னே போனது. நாற்பத்தாறு வயதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வன்னியம்பட்டி விலக்கில் டீ குடிக்க நின்றபோது, மறக்காமல் குதிகாலைத் திருப்பி அழகாக இறங்கினேன். முருகேசனே பாராட்டினான்.

ஆறரை மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். கோபுரம் முழுசாகத் தெரிந்ததும் நிற்பதும், இடது காலை ஊன்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் பள்ளிக்கூட நாளிலிருந்து என் பழக்கம். கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கால் வரவில்லை. எனக்கு இடப்பக்கம் முன்னமே நின்றிருந்த முருகேசன் என்னைத் தாங்க வலது கையை நீட்டினான். சைக்கிளோடு அந்தக் கையின் மேல்தான் விழுந்தேன். அவன் மேலிருந்து எழக்கூட முடியவில்லை, இரண்டு காலும் பெடலிலேயே இருந்தன. எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள்தான் என்னைப் பிரித்தெடுத்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவனுடைய வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. கோர்ஸ் என்னாகும் என்று கேட்டேன்.

"அடுத்த தடவ கெடச்சாப் பாத்துக்கிடலாம் அத்தான்," என்றான். அடுத்த தடவை கிடைக்குமா என்பது அவனுக்கும் தெரியாது.

இரண்டு சைக்கிளையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, அறுநூறு ரூபாய் பேசி, டிரைவர் பக்கத்திலேயே நாங்களும் நெருக்கி உட்கார்ந்து திரும்பினோம். வழியில் என் மனைவி கூப்பிட்டாள். எனக்கு வாய் வரவில்லை, போனை முருகேசன் வாங்கிக்கொண்டான்.

"அக்கா, நாந்தேன் பாக்காம விழுந்துட்டேன். அத்தானுக்கு ஒண்ணுமில்ல. அவியள ஏதும் சொல்லிராத," என்று சிரித்தான்.

ஒரு கிலோமீட்டர் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. நானே அவளைக் கூப்பிட்டு, விழுந்தது நான், அவன் கை போனதும் என்னால்தான் என்று சொன்னேன்.

அவள் சொன்னாள்:

"தெரியும். அவன் விழுந்திருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கவே மாட்டான்."